ராமநாதபுரம் கரையில் மழைக்காலத்துக்கு முன்: ஊர்ப் பணத்தை எதில் போடலாம்?

ஆவணி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். கீழக்கரை, பெரியபட்டினத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கேட்பார்கள். மண்டபம் பக்கத்து மகளிர் குழுக்கள் கேட்கும். தொண்டிப் பக்கத்து மீனவர் சங்கங்களும் கேட்கும். "கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. புயல் வந்த பிறகு அரிசியும் போர்வையும் கொடுப்பதைவிட முன்கூட்டியே ஏதாவது செய்ய ஆசைப்படுகிறோம். ஒலிபெருக்கி வாங்கலாமா, பாதுகாப்பு மையத்தைச் சரிசெய்யலாமா, குடிசைக்குக் கூரை கட்டிக் கொடுக்கலாமா, கரையில் மரம் நடலாமா?"

நான்குமே நல்ல காரியங்கள். ஆனால் ஒரு ஊர்க் கமிட்டியால் ஒரு பருவத்துக்குள் நான்கையும் உருப்படியாகச் செய்ய முடியாது. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தால் நான்கும் அரைகுறையாக நிற்கும். அதனால் எதை முதலில் எடுப்பது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் உயிர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்தது கடல்நீர். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை ஆட்களோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனதும் அந்த நீர்தான். காற்று கூரையைப் பிய்க்கும். ஊருக்குள் ஏறி வரும் கடல் ஆளைக் கொண்டுபோகும். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு என்பதால், காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் அடியில் திரும்பிப் போக வழியில்லாமல் கரைமேல் ஏறுகிறது. அதனால் எந்தத் திட்டத்தையும் "இது நீரிலிருந்து காக்குமா, காற்றிலிருந்து மட்டுமா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இந்த ஐப்பசிக்குள் பலன் கிடைக்குமா என்பது. மூன்றாவது, புயலுக்கு மட்டும்தானா, வேறு ஆபத்துக்கும் உதவுமா என்பது. 2020 டிசம்பரில் வந்த புரெவி, இலங்கையைக் கடந்து வலுவிழந்து, நம் மாவட்டத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவிலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் இல்லை. ஆனாலும் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தெருவெல்லாம் குளமானது. நின்று பெய்கிற புயல், திடீர் மழை, கடல் ஏறுவது என்று மூன்றும் மூன்று விதமானவை. ஒன்றுக்குச் சரியாக இருப்பது மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம்.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: இந்த ஏற்பாடு யாரை விட்டுவிடும்? படகும் போனும் உள்ளவருக்கு எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துவிடும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள், உப்பளத்துக் கூலிகள், சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள், மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு வந்து சேருமா?

கடைசியாகப் பராமரிப்பு. மூன்றாம் வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வர வேண்டும். "ஊர் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

| | எச்சரிக்கை ஏற்பாடு | வெளியேற்றம், தங்குமிடம் | கூரை கட்டுதல் | கரையோர மரம் |
|---|---|---|---|---|
| கடல்நீரிலிருந்து உயிர் காக்குமா? | ஆட்கள் கிளம்பினால் மட்டும் | காக்கும் | காக்காது | வளர்ந்த பிறகு ஓரளவு |
| இந்தப் பருவத்துக்குள் பலன் | உண்டு | உண்டு | உண்டு | இல்லை |
| திடீர் மழைக்கு | ஓரளவு | உதவும் | கொஞ்சம் | இல்லை |
| விட்டுப்போகக் கூடியவர்கள் | போன் இல்லாதவர்கள், கடலில் இருப்பவர்கள் | படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஆடு வளர்ப்பவர்கள் | வாடகைக் குடிசையில் இருப்பவர்கள் | பட்டா இல்லாதவர்கள் |
| மறைந்திருக்கும் செலவு | பேட்டரி, உரிமம், பழுது | படகு, ஆடு, கழிப்பறை, பல நாள் சாப்பாடு | வருஷா வருஷம் கயிறு மாற்றுவது | வேலி, தண்ணீர், அனுமதி |

## எச்சரிக்கை ஏற்பாடு

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். வாங்கிக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்துப் போடலாம். ஆனால் இன்றைக்கு எச்சரிக்கை கரைக்கு வந்து சேராமல் இருப்பது அபூர்வம். வானிலை ஆய்வு மையம் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு முன்பே புயல் எச்சரிக்கையைத் தொடங்கிவிடுகிறது. 24 மணி நேரம் முன்பு அடுத்த கட்டம் வருகிறது. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிகிறது. கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்தினாலே விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். அரசின் 'டிஎன் அலர்ட்' செயலி இருக்கிறது. பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலோரக் காவல்படைக்கு 1554 என்று எண்கள் இருக்கின்றன.

அப்படியானால் இதில் பணம் போடவே கூடாதா? போடலாம், ஓட்டை இருக்கிற இடம் பார்த்து. செல்போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் நம்ப முடியாது. 2017 ஒக்கி புயலில் குமரி மாவட்ட மீனவர்கள் அத்தனை பேரை இழந்ததற்கு முக்கியக் காரணம், செய்தி கரைக்கு வந்தபோது அவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள் என்பதே. உங்கள் ஊரில் நாள்கணக்கில் கடலில் தங்கும் படகுகள் இருந்தால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிதான் முதல் செலவு. அரசே சில திட்டங்களில் படகுகளுக்குக் கருவி பொருத்தித் தருகிறது. காசு கொடுத்து வாங்குவதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். படகிலிருந்து பேச உதவும் விஎச்எஃப் கம்பியில்லாக் கருவி வாங்குவதானால் உரிமம் பற்றியும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் கரையில் பெரும்பாலான வத்தையும் நாட்டுப்படகும் அன்றைக்கே போய்த் திரும்புகிறவை. அந்த ஊர்களுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பாசி எடுக்கும் பெண்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். தண்ணீருக்குள் மூழ்கி எடுக்கிறவர்கள் போனை எங்கே வைத்துக்கொள்வார்கள்? ஏழு மணிக்கு வரும் குறுஞ்செய்தி அவர்களுக்குப் பயன்படாது. முந்தின நாள் ராத்திரியே வீட்டு வாசலுக்கு வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஆளுக்கு ஒரு கைமைக், ஒரு டார்ச், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ. செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கரண்ட் போய், டவர் விழுந்த பிறகும் வேலை செய்யும்.

## வெளியேற்றமும் தங்குமிடமும்

என்னைக் கேட்டால் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

எச்சரிக்கை வந்தும் ஜனங்கள் கிளம்பாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள்" என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதுண்டு. அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். வத்தையும் வலையும்தான் அந்தக் குடும்பத்தின் மொத்தச் சொத்து. பாதிக் கடன் இன்னும் அடையவில்லை. "நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க, நான் படகைப் பார்த்துட்டு வர்றேன்" என்று வீட்டு ஆள் நின்றுவிடுகிறார். அவர் நிற்பதால் மனைவியும் போக மாட்டார். ஆட்டை விட்டுவிட்டுப் பாட்டி வர மாட்டார். இவர்களுக்கு ஆபத்து புரியவில்லை என்று நினைக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நிற்கிறார்கள். அந்தக் கணக்கை மாற்றினால் கிளம்புவார்கள்.

அதனால் வெளியேற்றத்துக்கான முதல் செலவாக நான் சொல்வது, படகைக் கரையேற்ற டிராக்டர் வாடகை. 24 மணி நேர எச்சரிக்கை வந்ததும் ஊர்ப் பணத்தில் டிராக்டர் வந்து, வத்தைகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட வேண்டும். கயிறு, கட்டுவதற்கான முளை, எந்தப் படகு எந்த இடம் என்ற பட்டியல் எல்லாம் புரட்டாசியிலேயே தயாராக இருக்க வேண்டும். டிராக்டர்காரரிடம் முன்பணம் கொடுத்து வையுங்கள், ஏனென்றால் அன்றைக்கு எல்லா ஊரும் அவரைத்தான் கூப்பிடும். இதைப் பேரிடர்ச் செலவு என்று எந்தக் கையேடும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் படகு பத்திரமானால்தான் ஆள் நகர்வார்.

இரண்டாவது செலவு தங்குமிடம். கரையோர ஊர்கள் பலவற்றில் பல்நோக்குப் பாதுகாப்பு மையம் கட்டியிருக்கிறார்கள். இல்லாத ஊரில் பள்ளிக்கூடம், சர்ச் மண்டபம், ஜமாஅத் கூடம், கல்யாண மண்டபம் ஏதாவது இருக்கும். சுவரும் கூரையும் பெரும்பாலும் உறுதியாகத்தான் இருக்கின்றன. குறை வேறு இடத்தில். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? ராத்திரி அங்கே வெளிச்சம் உண்டா? மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் எங்கிருந்து வரும்? பால் கொடுக்கும் தாய்க்குத் தனி அறை உண்டா? வயசுப் பெண்ணை வைத்திருக்கும் அம்மா கதவில்லாத கழிப்பறையைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், காற்று எவ்வளவு அடித்தாலும். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒரு தாழ்ப்பாளும் சோலார் விளக்கும் அவரை உள்ளே தங்கவைக்கும்.

சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே கேளுங்கள். தலைமையாசிரியரிடம் ஒன்று என்றால், அவர் ராமநாதபுரம் டவுனில் குடியிருப்பவராக இருக்கலாம். இன்னொரு சாவி ஊருக்குள் வேண்டும். அப்புறம், பேசத் தயங்கினாலும் பேசியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சமூகத்தாரின் மண்டபத்தில் இன்னொரு தெருக்காரர்கள் கூச்சமில்லாமல் நுழைந்து, அடுப்படிப் பக்கம் போய்த் தண்ணீர் எடுக்க முடியுமா? முடியாது என்றால் அந்த மண்டபத்தில் இடம் இருந்தும் இல்லாததுபோலத்தான். புயல் நாளில் இதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு தெருப் பெரியவர்களையும் அதே மண்டபத்தில் உட்காரவைத்து முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், மனசு வேண்டும்.

புரெவி மாதிரி புயல் நகராமல் நின்றால் ஒரு ராத்திரி ஏற்பாடு போதாது. மூன்று நாளைக்கு அரிசி, பருப்பு, காஸ், குழந்தைகளுக்குப் பால்பவுடர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை என்று கணக்குப் போடுங்கள். நம் மாவட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலே குடிதண்ணீர். சாதாரண நாளிலேயே குடம் வைத்த தள்ளுவண்டியோடு அலைகிற ஊர்கள் இவை. கரண்ட் போனால் குழாயும் நின்றுவிடும். கடல்நீர் ஏறினால் ஊற்றும் கிணறும் உப்பாகிவிடும். மூடியுள்ள பெரிய தொட்டி ஒன்றை நிரப்பி வைப்பது, மூட்டை மூட்டையாகத் துணி வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாக, தானாக நகர முடியாதவர்களின் பட்டியல். கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், கண் தெரியாதவர்கள், மனநோய் உள்ளவர்கள் என்று வீடு வீடாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிச் செல்லும் இருவர் பெயரும் ஒரு வண்டியும் குறித்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அது இயற்கைப் பேரிடர் இல்லைதான். ஆனால் தானாக எழுந்து ஓட முடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இதில் காட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. புயல் வராத வருஷத்தில் "பணம் வீணாகப் போச்சே" என்று முணுமுணுப்பார்கள். ஒருமுறை வெளியேற்றி ஒன்றும் நடக்காமல் போனால் அடுத்த முறை பாதிப்பேர்தான் வருவார்கள். போனமுறை மையத்தில் நல்ல சாப்பாடும் மரியாதையும் கிடைத்திருந்தால் அந்தப் பாதி கொஞ்சம் கூடும்.

## கூரை கட்டுதல்

நான்கில் ஏழைக் குடும்பத்துக்கு உடனடி நிம்மதி தருவது இது. 2023 மிக்ஜாம் புயலின்போது குடிசை சேதத்துக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக அரசு உயர்த்தியது. அந்தத் தொகையில் ஒரு குடிசையை மறுபடி எழுப்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவோ அதைவிடக் குறைவு.

காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். ஓரமும் மூலையும் முதலில் கிளம்பும். அங்கே பிடி விட்டால் மொத்தமும் போகும். ஓலைக் கூரையின்மேல் பழைய வலையை விரித்து, நான்கு பக்கமும் கயிறு இழுத்து, தரையில் ஆழமாக அடித்த முளையில் கட்டுவது கடற்கரை ஊர்களுக்குப் பழக்கமான வேலை. அதையே வரிசையாக எல்லா வீட்டுக்கும் ஒரே வாரத்தில் செய்யலாம். தகரக் கூரையென்றால் வெறும் ஆணியைவிடக் கொக்கி போல்ட்டும் அகல வாஷரும் நன்றாகப் பிடிக்கும். பறக்கும் தகரம் அடுத்த வீட்டுக்காரரின் கழுத்துக்கு ஆபத்து என்பதால், ஒரு தெருவில் நாலு வீட்டை விட்டுவிட்டு மற்றதைக் கட்டுவதில் அர்த்தமில்லை. பனங்கட்டையில் செல் அரித்திருந்தால் எவ்வளவு கயிறு கட்டியும் பயனில்லை. அதை மாற்றுவதுதான் உண்மையான செலவு.

எனக்கு இதில் இருக்கும் ஒரே பயம், கூரையை நன்றாகக் கட்டிக் கொடுத்தால் "வீடு உறுதியாகத்தானே இருக்கு" என்று ஆள் உள்ளேயே தங்கிவிடுவது. அலை ஏறக்கூடிய தாழ்ந்த இடத்தில் அது ஆளையே பறித்துவிடும். கடலுக்குக் கொஞ்சம் தள்ளி, மேட்டில், காற்று மட்டுமே கவலை என்ற குடியிருப்புகளுக்கு இதை முதலாவதாகவே எடுக்கலாம். தனுஷ்கோடிப் பக்கத்துக் குடிசைகளுக்குக் கூரை கட்டினாலும், "சொன்னதும் கிளம்ப வேண்டும்" என்ற பேச்சோடு சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

## கரையோர மரங்கள்

மரம் நடுவதில் ஒரு தலைமுறைக்கான பலன் இருக்கிறது. காரங்காட்டில் அலையாத்திக் காடு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் காற்றையும் அலையையும் மட்டுப்படுத்தும் அளவுக்கு வளரக் குறைந்தது ஐந்தாறு வருஷம் ஆகும். பனைக்கு இன்னும் அதிகம். இந்தப் பருவத்துக் கேள்விக்கு இது பதிலாகாது.

இடமும் பொருந்த வேண்டும். அலையாத்தி வேர் பிடிக்கச் சேறும் ஓதம் ஏறி இறங்கும் வாய்க்காலும் வேண்டும். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரைக்கும் அதற்கான இடங்கள் அங்கங்கே கிடைக்கும். மணற்பாங்கான மன்னார் வளைகுடாப் பக்கம் அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணல்மேட்டைப் பிடித்து வைக்கும். இருக்கிற மணல்மேட்டை வெட்டாமல் காப்பதே அங்கே பெரிய வேலை. தனுஷ்கோடிப் பக்கம் ஆமை முட்டையிடும் மணலில் சவுக்கை நெருக்கி நட்டால் ஆமைக்கு இடைஞ்சல். கடல்சார் தேசியப் பூங்காவை ஒட்டிய கரை என்பதால் வனத்துறையைக் கேட்காமல் குழி தோண்டக் கூடாது.

வெளியில் தெரியாத இன்னொரு இழப்பும் உண்டு. வலை காயப்போடும் இடம், படகு இழுக்கும் பாதை, பெண்கள் கருவாடு உலர்த்தும் மணல் எல்லாம் யார் பெயரிலும் பட்டா இல்லாதவை. வேலி போட்டதும் அவை போய்விடும். காக்க வந்த மரம் அவர்கள் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது. நடும் இடத்தை அந்தப் பெண்களைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

## எதை எடுத்தாலும் கூடவே செய்ய வேண்டியது

குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் சங்க அடையாள அட்டை, படகுப் பதிவு ஆகியவற்றை நகலெடுத்து, தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொடுப்பது. ஒரு வீட்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. நிவாரணம் கேட்டுப் போகும்போது காகிதம் இல்லாதவர்தான் கடைசி வரிசையில் நிற்கிறார். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆனால் பதிவில் பெயர் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் பெயர் விட்டுப்போனவர்களைக் கண்டுபிடித்து, குறிப்பாகக் கடலில் இறங்கும் பெண்களை, சங்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

## எந்த ஊருக்கு எது?

தனுஷ்கோடி, பாம்பன், தங்கச்சிமடம் போன்ற தீவுப் பகுதிகளில் யோசனையே வேண்டாம், வெளியேற்றம்தான். காற்று கூடினால் பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், சாலைப் பாலத்தையும் நம்பியிருக்க முடியாது. பெரிய நிலத்துக்குப் போக வேண்டிய நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் முதல் நாளே அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குத் தீவுக்குள்ளேயே இடம் பார்க்க வேண்டும்.

மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, சோழியக்குடி பக்கம் பணத்தின் முதல் பங்கு படகு இழுப்பதற்கும் தங்குமிடத்துக்கும். வாடைக் காலத்தில் வடகடல்தான், அதாவது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல்தான், கொந்தளிக்கும். மிச்சமிருந்தால் அலையாத்திக்கு ஒரு தொகை ஒதுக்கலாம், வருஷா வருஷம் தொடர்வதாக இருந்தால்.

சாயல்குடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்து உப்பளக் குடியிருப்புகளிலும் மேட்டுக் குடிசைகளிலும் கூரை வேலை நல்ல பலன் தரும். கூடவே தெருவுக்கு இரண்டு பேர் என்ற எச்சரிக்கைக் குழுவும் வேண்டும்.

ராமேஸ்வரம் நகரின் தாழ்வான தெருக்களுக்கு இந்த நான்கில் எதுவுமே முதல் பதில் இல்லை. 2024 மழை அங்கே காட்டிக் கொடுத்தது வடிகாலை. புரட்டாசி முடிவதற்குள் நகராட்சியை நெருக்கி வாய்க்கால் அடைப்பை எடுக்கவையுங்கள். ஒரு டீசல் பம்பை வாடகைக்குப் பேசி வையுங்கள். தண்ணீர் தேங்கும் தெருவில் தரைமட்டத்தில் இருக்கும் குடும்பங்கள், ராத்திரியில் எந்த வீட்டு மாடிக்குப் போவது என்பதை அந்த மாடிக்காரரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.